உடைந்த மூட்டுகளின் தட்டு

சபாபதி சாரைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தரும்படி எங்கள் பீங்கான் டிப்ளமோ பழைய மாணவர்கள் கேட்டார்கள். நினைவு மலர் போடுகிறார்களாம். கேட்டவர்கள் எல்லோரும் எனக்குப் பல வருஷம் கழித்துப் படித்தவர்கள். சாரை நேரில் பார்த்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை. அவர் சாதனைகளை வரிசையாகச் சொன்னால் போதும் என்றார்கள். இப்போதெல்லாம் கேமராவும் கம்ப்யூட்டரும் பார்த்து நல்லதையும் கெட்டதையும் பிரித்துவிடுகின்றன, நீங்கள் வெறும் கண்ணால் எப்படிம்மா பார்த்தீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். சாதனைகளை வரிசைப்படுத்த எனக்கு வராது. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அது அவ்வளவு சந்தோஷமான விஷயம் இல்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் என்றால் கப்பு, சாஸர், பொம்மை, ஃபியூஸ் கட்டை. நானும் டிப்ளமோ முடித்து அப்படி ஒரு பொம்மைக் கம்பெனியில்தான் சேர்ந்தேன். அங்கே கொஞ்ச காலம் இருந்துவிட்டுச் சாரிடம் வந்தேன். வடக்கே ஒரு பெரிய கம்பெனியில் மின்கம்பப் பீங்கான் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு அவர் ஊருக்குத் திரும்பியிருந்தார். தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு சின்ன ஷெட் பிடித்து, நூல் மில்களில் நூல் ஓடுவதற்கான பீங்கான் வளையங்கள் செய்தார். அந்த வருமானத்தில்தான் இன்னொரு வேலை நடந்தது. இடுப்பு மூட்டு தேய்ந்தவர்களுக்கும் நொறுங்கினவர்களுக்கும் தொடை எலும்பின் தலைக்குப் பதிலாக வைக்கிற பீங்கான் குண்டு. பாண்டிச்சேரியில் எலும்பு டாக்டராக இருந்த அவருடைய பள்ளி நண்பர், வெளிநாட்டில் இப்படிச் செய்கிறார்கள், நீ செய்வாயா என்று ஒரு நாள் கேட்டிருக்கிறார். சார் சரி என்று சொல்லிவிட்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார். நம் பக்கத்தில் அதைச் செய்து காட்டிய முதல் ஆள் அவர்தான். நான் சேர்ந்தபோது அவருடைய குண்டுகளை வைத்துக்கொண்டு சிலர் நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

வேலை எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாவு போன்ற வெள்ளை அலுமினாத் தூளை ரப்பர் அச்சில் நிரப்பி, எண்ணெய்க்குள் இறக்கி, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்துவோம். வெளியே எடுக்கும்போது அது சாக்பீஸ் போல இருக்கும், நகம் பட்டால் கீறல் விழும். அதைக் கடைந்து, நடுவில், தொடை எலும்பில் செருகுகிற கம்பி உட்காரக் குழி எடுத்து, சூளையில் வைப்போம். கப்பு வேகிற சூடெல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது. வெந்து வந்தால் சுருங்கி, சின்ன எலுமிச்சம்பழம் அளவுக்கு இருக்கும். பிறகு வைரத்தூள் போட்டுத் தேய்த்து மெருகேற்றுவார்கள். கடைசியில் என் மேஜைக்கு வரும். சிவப்புச் சாயத்தில் ஊறப் போட்டு, கழுவித் துடைத்து, விளக்குக்குக் கீழே பூதக்கண்ணாடி வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். எங்கேயாவது முடி அளவு வெடிப்பு இருந்தால் சாயம் அதற்குள் போய்ச் சிவப்புக் கோடாகத் தெரியும். தெரிந்தால் தள்ளிவிடுவேன்.

சார் யாரையும் அதட்டியதில்லை. கூட்டிப் பெருக்குகிற அம்மாவையும் 'வாங்க, போங்க' என்பார். ஆனால் என் மேஜைப் பக்கம் வந்து நின்றாரென்றால் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிடுவேன். நான் சரி என்று ஒதுக்கி வைத்த குண்டுகளில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, இல்ல பாத்த மாதிரி இருக்குதா?" என்று கேட்பார். கேலி கிடையாது. உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்பார். பார்த்தேன் சார் என்று சொன்னால் அப்படியே வைத்துவிடுவார். கொஞ்சம் யோசித்தால்கூடத் திரும்பச் சாயத்தில் போட்டுவிடுவார். சாப்பிடாமல் வந்தவரைப் பரிசோதனைக்கு உட்கார விடமாட்டார். பசியோடு இருக்கிற கண் அவசரப்படும் என்பது அவர் எண்ணம்.

இனி அஞ்சலையைப் பற்றி எழுத வேண்டும்.

அஞ்சலை சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்து ஊர்க்காரர். நடவு வேலைக்குப் போகிறவர், புருஷன் இல்லை, செல்வி என்று ஒரே மகள். நெல் மூட்டை ஏற்றின டிராக்டர் வரப்பில் சாய்ந்தபோது அடியில் மாட்டி இடுப்பு எலும்பு நொறுங்கிவிட்டது. அப்போது அவருக்கு முப்பது சொச்சம் வயது. பாண்டிச்சேரி டாக்டர் எங்கள் குண்டை வைத்தார். அதன் பிறகு அஞ்சலை ஒருமுறை ஷெட்டுக்கே வந்து, நடந்து காட்டிவிட்டுப் போனார். சேற்றில் இறங்கி நடவு நடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தும் நட்டுக்கொண்டிருப்பதாகச் சிரித்தபடி சொன்னார். சார் திட்டவில்லை. அன்று முழுவதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. சேத்தியாத்தோப்பில் பஸ்ஸை விட்டு இறங்கிக் காலை ஊன்றியபோது இடுப்புக்குள் ஏதோ உடைகிற சத்தம் அஞ்சலைக்குக் கேட்டிருக்கிறது. அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். குண்டு உள்ளேயே சில்லுச் சில்லாக உடைந்திருந்தது. டாக்டர் மறுபடி கீறி, எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்து, வேறு மூட்டு வைத்தார். ஆனால் பீங்கான் தூள் பட்டு உள்ளே எல்லாம் கெட்டுப்போயிருந்தது. கால் குட்டையாகிவிட்டது. கம்பு இல்லாமல் நடக்க முடியவில்லை, குந்த முடியவில்லை. நடவு வேலை அதோடு போயிற்று.

டாக்டர் சில்லுகளை ஒரு பாட்டிலில் போட்டு அனுப்பியிருந்தார். சார் மேஜையில் கறுப்புத் துணி விரித்து, அவற்றை ஒவ்வொன்றாக ஒட்ட வைத்துப் பார்த்தார். நானும் உடன் உட்கார்ந்திருந்தேன். அவர் இரண்டு நாள் வேறு எதையும் தொடவில்லை. உடைப்பின் கோடுகள் எல்லாம் ஓர் இடத்திலிருந்து விசிறி மாதிரி கிளம்பியிருந்தன. அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது குண்டின் வயிற்றுக்குள், வெளியிலிருந்து சாயம் போகவே முடியாத ஆழத்தில், ஒரு மெல்லிய பள்ளம் தெரிந்தது. தூளை அச்சில் நிரப்பும்போது ஏதோ நூலோ முடியோ விழுந்திருக்கிறது. சூளையில் அது எரிந்து, அந்த இடம் வெற்றாகிவிட்டது. யாருடைய முடி, யாருடைய சட்டை நூல் என்று தேட வேண்டாம் என்று சார் சொன்னார். தேடினாலும் தெரிந்திருக்காது.

அன்றே குண்டு வேலையை நிறுத்தினார். எங்கள் குண்டை வைத்த டாக்டர்கள் எல்லோருக்கும் ஒன்று உடைந்துவிட்டது, இந்தக் காரணத்தால் என்று தானே சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டு இரண்டு ஆஸ்பத்திரிகள் எங்களோடு இருந்த தொடர்பை விட்டுவிட்டன. தூள் நிரப்புவதற்குத் தனி அறை கட்டினார். தலைக்குத் துணி கட்டாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. அதுவரை ஒரு சூளையில் வெந்தவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து மெஷினில் அழுத்தி உடைத்துப் பார்ப்போம். அதற்குப் பிறகு வெளியே போகிற ஒவ்வொரு குண்டையும், உடம்பு கொடுக்கிற பாரத்தைவிடப் பல மடங்கு கூட்டி அழுத்திப் பார்க்க வேண்டும் என்றார். பலவீனமானது என்றால் இங்கேயே, நம் கண் முன்னால் உடையட்டும். அந்த மெஷினைச் செய்து முடிக்கவே நீண்ட காலம் ஆயிற்று. அதன் பிறகு போன குண்டு எதுவும் உடைந்ததாக எனக்குத் தெரிந்து செய்தி வரவில்லை. சாதனை என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

வேலை நின்றிருந்த அந்த நாட்களில் ஒரு நாள் சார் என்னை அழைத்துக்கொண்டு அஞ்சலையின் வீட்டுக்குப் போனார். பாட்டிலையும் எடுத்துக்கொண்டார். அஞ்சலை கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். செல்வி அப்போது தாவணி போட்ட பெண். வாசற்படியிலேயே நின்றுகொண்டு எங்களைப் பார்த்தாள். உள்ளே வாங்க என்று அவள் சொல்லவில்லை.

சார் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். நூல் விழுந்தது, எரிந்தது, பள்ளமானது. மறைக்காமல், சுற்றி வளைக்காமல் சொன்னார். கடைசியில், "நீங்க வயல்ல எறங்கினதால இல்லீங்க. எங்க குண்டு சரியில்ல. அதான் ஒடஞ்சிது" என்றார்.

ஊரில் எல்லோரும் அஞ்சலையைத்தான் குறை சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் பேச்சைக் கேட்காமல் சேற்றில் இறங்கினாள், அனுபவிக்கிறாள் என்று அண்ணன்காரரே சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதார். பிறகு பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"எங்ககிட்டயே வச்சிருப்பங்க. புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு மொதல்ல இதத்தான் காட்டுவன். உங்க பேரச் சொல்லித்தான் காட்டுவன், நீங்க சரின்னு சொன்னா."

"சொல்லுங்க" என்றார் அஞ்சலை. "எம்மேல தப்பு இல்லைன்னும் சொல்லுங்க."

உட்கார்ந்தே செய்கிற வேலை ஷெட்டில் இருக்கிறது, வருகிறீர்களா என்றும் சார் கேட்டார். இனிமேல் பீங்கானைக் கையால் தொட மாட்டேன் என்று அஞ்சலை மறுத்துவிட்டார். பிற்பாடு சந்தையில் கீரை விற்றார்.

சார் சொன்னபடி செய்தார். தேக்குப் பலகையில் கறுப்புத் துணி ஒட்டி ஒரு தட்டு செய்யச் சொன்னார். அஞ்சலையின் சில்லுகளை நடுவில் வைத்தார். ஆரம்ப காலத்தில் சூளையில் வெடித்தவை, மெஷினில் உடைந்தவை, தேய்ந்து போனதால் டாக்டர்கள் மாற்றி எடுத்தவை எல்லாம் சுற்றிலும் இருந்தன. வேலைக்குச் சேருகிறவர்களை முதல் நாள் அந்தத் தட்டின் முன்னால் உட்கார வைப்பார். அஞ்சலை எந்த ஊர், என்ன வேலை செய்தார், இப்போது எப்படி நடக்கிறார் என்று ஒன்று விடாமல் சொல்வார். ஒரு முறை நான் கேட்டேன், நல்லதாக ஒன்றிரண்டு குண்டையும் பக்கத்தில் வைக்கலாமே சார் என்று. "நல்லதெல்லாம் ஒடம்புக்குள்ள போயிடுதும்மா. நம்மகிட்ட மிஞ்சறது இதுதான்" என்றார்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் சார் இறந்தார். தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது.

அவருடைய மகன் முரளி கோயம்புத்தூரில் வியாபாரம் செய்துகொண்டிருந்தவர். தங்கமான பிள்ளை. அப்பாவின் ஷெட்டை விற்றுவிடுவார் என்று நாங்கள் பயந்தோம். அவர் விற்கவில்லை. வெளியூர்க் கம்பெனி ஒன்றைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு நடத்தினார். அப்பாவின் பெயர் நிற்க வேண்டும் என்று முன் அறையை நினைவு அறையாக மாற்ற முடிவு செய்தார். சாரின் அரை உருவச் சிலை, படங்கள், பழைய ரப்பர் அச்சுகள், முதலில் செய்த சின்னச் சூளை, கண்ணாடிப் பெட்டியில் பளபளவென்று புதுக் குண்டுகள். இதையெல்லாம் எடுத்து அடுக்குகிற பொறுப்பை என்னிடம்தான் கொடுத்தார்.

நான் தட்டைக் கொண்டுபோய் நடுப்பெட்டியில் வைத்தேன். முரளி வந்து பார்த்தார். எம்.எல்.ஏ. வருகிறார், டாக்டர்கள் வருகிறார்கள், கூட்டுக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், உள்ளே நுழைந்ததும் உடைந்ததைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று மெதுவாகக் கேட்டார். சார் இதைத்தானே எல்லோருக்கும் முதலில் காட்டினார் என்றேன். அது வேலை செய்கிறவர்களுக்கு, இது வெளி ஜனங்களுக்கு என்றார். ஒரு நோயாளியின் பெயரைப் போட்டு வைப்பது அவருக்கே சங்கடம் இல்லையா என்றும் கேட்டார். அஞ்சலையே சம்மதித்தார் என்று நான் சொன்னேன். முரளியின் கண் கலங்கிவிட்டது.

"எங்கப்பா அந்தத் தட்டு முன்னாடியே உக்காந்து உக்காந்து செத்துப் போனாரும்மா. வூட்டுக்கு வந்தாலும் அதே பேச்சு. செத்த பெறவாவது அவர விட்டுருங்க."

பெற்ற மகன் சொல்கிறார். தட்டை எடுத்துக்கொண்டுபோய்ப் பின்பக்கப் பழைய பரிசோதனை அறை அலமாரியில் வைத்தேன்.

திறப்பு விழாவுக்கு அஞ்சலைக்கு நான்தான் சொல்லி அனுப்பினேன். அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பந்தலில் கூட்டம் கலைந்து டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது, கம்பை ஊன்றிக்கொண்டு செல்வியோடு வந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். சிலையைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். கடைசிப் பெட்டிவரை போய்த் திரும்பி என்னிடம் வந்தார்.

"என்னோடத எங்க வச்சிருக்கீங்க?"

பின்னால் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். பழைய பரிசோதனை அறை பளிச்சென்று வெள்ளையடித்துக் காலியாக இருந்தது. விழாவுக்காக அந்தப் பக்கமும் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அலமாரியில் இருந்த உடைசலை எல்லாம் வெள்ளையடிக்கிறவர்கள் வாரிக் கொட்டிவிட்டார்கள். உடைந்த பீங்கான் துண்டுகள் என்றால் எஸ்டேட்டில் எல்லோரும் கொட்டுகிற இடம் ஒன்றுதான். பின்னால் ரயில் பாதைப் பக்கம் இருக்கிற சில்லு மேடு. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் கண்ணுக்கு அது உடைசல்தானே.

விஷயம் தெரிந்ததும் முரளி ஓடி வந்தார். விழாச் சட்டையோடு மேட்டில் ஏறி என்னோடு தேடினார். ஊரின் அத்தனை கம்பெனிகளும் வருஷக்கணக்காகக் கொட்டிய கப்புக் காதும், பொம்மைக் கையும், ஃபியூஸ் கட்டையும் மலை மாதிரி கிடந்தன. எல்லாம் வெள்ளை. கறுப்புத் துணி ஒட்டின பலகை மட்டும் கிடைத்தது. அடுத்த நாளும் தேடினோம். அதற்கடுத்த நாள் நான் மட்டும் போனேன். பிறகு விட்டுவிட்டேன்.

அஞ்சலையிடம் இதைச் சொல்ல அவர் ஊருக்குப் போனேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் கீரைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"டாக்டரு எல்லாத்தயும் எடுக்க முடியலன்னு அப்பவே சொன்னாரு. ரெண்டு மூணு துண்டு இன்னும் உள்ளதான் இருக்குது. நான் போனப்புறம் எடுத்துக்கிங்க. நெருப்புக்கு அது ஒண்ணும் ஆவாதுல்ல?"

ஆகாது என்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வி தலையைத் தூக்கவில்லை.

மறு வருஷம் எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். அதற்குள் கூட்டுக் கம்பெனியின் கை ஓங்கிவிட்டது. முரளி தன் பங்கைக் கொடுத்துவிட்டுக் கோயம்புத்தூருக்கே போய்விட்டார். குண்டு வேலையை அவர்கள் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். இங்கே நூல் வளையம் மட்டும் ஓடியது. ஒரு நாள் பார்க்கப் போனேன். நினைவு அறையில் அட்டைப் பெட்டிகளைக் கூரைவரை அடுக்கியிருந்தார்கள். சாரின் சிலை எங்கே என்று கேட்டேன். பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கும் என்றார் வாட்ச்மேன்.

அஞ்சலை ஐம்பதைத் தொடவில்லை. மஞ்சள் காமாலை வந்து இறந்துவிட்டார். செய்தி எனக்கு ஒரு நாள் தாமதமாக வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது பால் தெளிப்புக்குச் சுடுகாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அன்று பெண்களும் போவது அவர்கள் வழக்கம். செல்வி என்னைப் பார்த்தாள். வாருங்கள் என்று இந்தத் தடவையும் சொல்லவில்லை. ஆனால் எனக்காகக் கொஞ்சம் நின்று நடந்தாள்.

தண்ணீர் தெளித்துச் சாம்பலை ஆற்றி, எலும்புகளைப் பொறுக்கி ஒரு மண் கலயத்தில் போட்டார்கள். டாக்டர் இரண்டாவதாக வைத்த மூட்டின் இரும்பைச் செல்வியின் புருஷன் தனியாக ஒதுக்கி வைத்தார். செல்வி இடுப்பு இருந்த இடத்தில் மண்டியிட்டு, விரலால் சாம்பலைத் துழாவினாள். அவள் எதைத் தேடுகிறாள் என்று மற்றவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. ரொம்ப நேரம் கழித்து ஒன்றை எடுத்துச் செம்புத் தண்ணீரில் கழுவினாள். எலும்பு எல்லாம் சாம்பல் நிறமாக, தொட்டால் பொடிகிற மாதிரி இருந்தது. இது நகத்தளவு, வெள்ளை வெளேரென்று, ஓரம் கூர்மையாக இருந்தது. உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"எங்கம்மா குடுக்கச் சொல்லிச்சி."

நான் கையை நீட்டினேன். அவள் உடனே கொடுக்கவில்லை.

"எங்க வப்பீங்கக்கா?"

அவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அறை இல்லை, தட்டு இல்லை, இதைக் காட்டிப் பெயர் சொல்ல அங்கே ஆள் இல்லை. என் பீரோவில் ஒரு டப்பாவில் வைப்பேன். எனக்குப் பிறகு என் மருமகள் அதை என்னவென்று தெரியாமல் குப்பையில் போடுவாள்.

"வக்கிறதுக்கு எடம் இல்லம்மா" என்றேன்.

செல்வி கையை மூடிக்கொண்டாள். சாரைப் பற்றியும் எங்கள் ஷெட்டைப் பற்றியும் அவள் கேட்க வேண்டியதெல்லாம் அந்த நேரத்தில் கேட்டிருக்கலாம். எதுவும் கேட்கவில்லை.

"அப்ப அம்மா கூடவே போவட்டுங்க்கா" என்றாள்.

சரிம்மா என்றேன். அவள் அதைக் கலயத்தில் போட்டாள். எலும்புகளுக்கு நடுவே அது விழுந்த சத்தம் தனியாகக் கேட்டது. மஞ்சள் துணியால் வாயைக் கட்டி, விருத்தாசலத்துக்கு வேன் பிடித்து, மணிமுத்தாற்றில் கரைத்தார்கள். நானும் அதே வேனில்தான் வந்தேன். தண்ணீர் முழங்கால் அளவுதான் ஓடியது. சாம்பல் கலங்கிக் கொஞ்ச தூரம் போயிற்று. செல்வி படியில் நின்று, தண்ணீர் தெளிகிறவரை ஆற்றின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.